‘1300 வரை ஏறு, பிறகு வலப்பக்கம் திரும்பு’ என்றால் ஏற்கெனவே 1950-ல் இருப்பவன் எப்போது திரும்புவது?

மேகத்துக்குள்:

ஐஎஃப்ஆர் ரேட்டிங்குக்கு, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே விமானம் ஓட்டும் தகுதிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், சிமுலேட்டரில் இதுவரை பத்துப் பன்னிரண்டு ஐஎல்எஸ் (ரேடியோ கற்றையைப் பிடித்து ஓடுபாதைக்கு இறங்கும் அப்ரோச்) செய்திருப்பேன். நேற்று ஒன்றில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்ஸ்ட்ரக்டர் காரணம் சொன்னார், நானும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டேன், ராத்திரி சார்ட்டை (இறங்கும் முறையை வரைந்த தாள்) விரித்து உட்கார்ந்தால் மறுபடி அதே குழப்பம். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ரன்வே 09, ஐஎல்எஸ். தரை மட்டம் 640 அடி, டிஏ (ஓடுபாதை தெரியாவிட்டால் இறங்குவதைக் கைவிட வேண்டிய உயரம்) 840. மிஸ்டு அப்ரோச், அதாவது இறங்காமல் மேலேறிப் போகும் வழி, அதற்கான வாசகம் இப்படி இருக்கிறது: ‘கிளைம்ப் டு 1300 தென் கிளைம்பிங் ரைட் டர்ன் டு 3500 டைரக்ட்’, அப்புறம் ஒரு விஓஆர் (ரேடியோ வழிகாட்டி நிலையம்) பெயர், ‘அண்ட் ஹோல்ட்’, அதாவது அங்கே வட்டமிட்டுக் காத்திரு. ஓடுபாதைக்கு நான்கு மைல் இருக்கும்போது, சுமார் 1950 அடியில், கிளைடுஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும்) ஊசி மேல் சிவப்புக் கொடி விழுந்தது, சிக்னல் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் வேலைதான். லோக்கலைசரை (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் சிக்னல்) மட்டும் வைத்துக்கொண்டு தொடரலாம் என்று அந்த நொடியில் தோன்றவில்லை, பவரைக் கொடுத்து ஏறத் தொடங்கிவிட்டேன். 1300 வரை ஏறு என்கிறது, நான் ஏற்கெனவே அதைத் தாண்டித்தான் இருக்கிறேன், அப்படியானால் முதல் பாதி முடிந்த கணக்கு, மிச்சம் வலப்பக்கத் திருப்பம்தானே என்று உடனே சாய்த்தேன். இருபது வினாடி ஆகியிருக்காது, அவர் சிமுலேட்டரை நிறுத்திவிட்டு சார்ட்டில் விரலை வைத்தார். நான் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்த பக்கத்தில் 1870 அடி என்று ஒரு கோபுரம். “இதற்கு மேலே உனக்கு எவ்வளவு மிச்சம், சொல்” என்றார். நான் சொல்லவில்லை.

மிஸ்டு அப்ரோச் பாயின்ட் (எம்ஏபி) வரை போய்த்தான் திரும்ப வேண்டும் என்கிறார். என் குழப்பம் என்னவென்றால், வாசகத்தில் ‘மிஸ்டு அப்ரோச் பாயின்ட் வரை போ’ என்று எங்கேயும் இல்லை. இருப்பது ஓர் உயரம், ஒரு திருப்பம், இன்னோர் உயரம், ஒரு ஹோல்டிங். எழுதாததை நான் எப்படிப் படிப்பது? சரி, எம்ஏபி வரை போகத்தான் வேண்டும் என்றாலும், ஐஎல்எஸ்ஸில் அது கிளைடுஸ்லோப்பில் வந்து டிஏவைத் தொடும் இடம் என்றுதானே படித்தோம். கிளைடுஸ்லோப்பே போய்விட்டது, நான் வேறு ஏறிக்கொண்டிருக்கிறேன், அந்த இடம் வந்துவிட்டது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கூடப் படிக்கிறவன் ஒருவன் இன்னொரு பக்கம் குழப்புகிறான். 1300 வந்ததும் மட்டமாகப் பிடித்து, திரும்பி முடித்துவிட்டு, அப்புறம்தான் 3500-க்கு ஏற வேண்டுமாம். ஆதாரமாக சார்ட்டில் இருக்கும் குட்டிக் கட்டங்களைக் காட்டுகிறான். ஒரு கட்டத்தில் மேல்நோக்கிய அம்பு, பக்கத்தில் 1300. அடுத்ததில் வலப்பக்கம் வளைந்த அம்பு, 3500. பார்த்தால் அவன் சொல்வதும் சரி போலத்தான் இருக்கிறது.

பழைய_ஊசி:

தம்பி, இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் செக்ரைடுக்கு (பறந்து காட்டும் தேர்வு) இரண்டு வாரம் முன்னால். அதனால் ரொம்ப நொந்துகொள்ள வேண்டாம்.

அந்த வாசகம் ஒரே ஓர் ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டது. டிஏ வரை இறங்கி வந்து, ஓடுபாதை கண்ணில் படாமல், அங்கிருந்து ஏறுகிறவன். அவன் 840-ல் இருந்து 1300 வரை 460 அடி நேராக ஏற வேண்டும், அதற்குள் எம்ஏபி அவனுக்குப் பின்னால் போயிருக்கும். அதனால் எம்ஏபியைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை எழுதியவருக்கு வரவே இல்லை. நீங்கள் நான்கு மைல் முன்னாலேயே கதையின் நடுவில் நுழைந்துவிட்டீர்கள், வாசகம் உங்களை எதிர்பார்க்கவில்லை. 1300 சொல்வது ‘இதற்குக் கீழே திரும்பாதே’ என்பதை மட்டும்தான். ‘இந்த உயரம் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்’ என்று அது சொல்லவில்லை. தாண்ட வேண்டிய வாசல் இரண்டு, எம்ஏபி ஒன்று, 1300 இன்னொன்று. எது பின்னால் வருகிறதோ அதுதான் திரும்பும் இடம்.

சார்ட்டில் இது இல்லை என்கிறீர்கள், உண்மைதான். அமெரிக்காவின் எஃப்ஏஏ வெளியிடும் ஏஐஎம் கையேட்டில் மிஸ்டு அப்ரோச் பகுதியில் இருக்கிறது. சீக்கிரமே கைவிட்டால், கன்ட்ரோலர் வேறு ஏதும் சொல்லாத வரை, அப்ரோச்சின் பாதையிலேயே எம்டிஏ (சரிவு வழிகாட்டல் இல்லாத அப்ரோச்சில் இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம்) அல்லது டிஏவுக்குக் குறையாத உயரத்தில் எம்ஏபி வரை போய்விட்டுத்தான் திரும்ப வேண்டும். அந்தக் ‘குறையாத’ என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். எம்ஏபி வரை போ என்றதும் எம்ஏபி வரை தாழப் பறக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பவர், மூக்கு, ஏற்றம் மூன்றும் அந்த நொடியே. திருப்பம் மட்டும் காத்திருக்கும். உங்கள் கணக்கையே எடுங்கள்: 100 நாட் வேகம், நிமிடத்துக்கு 700 அடி ஏற்றம் என்றால், மூன்றரை மைல் தள்ளி இருக்கும் எம்ஏபிக்குப் போய்ச் சேரும்போது 3400 அடியைத் தொட்டிருப்பீர்கள். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் அந்தக் கோபுரம் எங்கேயோ கீழே, பின்னால் கிடக்கும்.

நண்பனுக்குப் பதில்: மட்டமாகப் பிடிக்கவே கூடாது. ‘தென் கிளைம்பிங்’ என்பதில் அந்தக் ‘கிளைம்பிங்’ அலங்காரத்துக்குப் போட்டதில்லை. உங்களுக்குக் கீழே பாதுகாப்புக்காகப் போட்டிருக்கும் சாய்தளம் ஏறிக்கொண்டே போகிறது, நீங்கள் 1300-ல் மட்டமாகத் திரும்பினால் அது உங்களை நோக்கி வரும். அந்தக் குட்டிக் கட்டங்கள் கை பரபரக்கும் முதல் சில நொடிகளுக்கான நினைவூட்டல், அவ்வளவுதான். முழுக் கட்டளை மேலே இருக்கும் வாசகம். இரண்டும் முரண்படுகிற மாதிரி தோன்றினால் வாசகத்தின் பக்கம் நில்லுங்கள்.

அரைமைல்:

எம்ஏபி எங்கே என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே இருப்பவர் சொல்லிவிட்டார்.

3 பாகைக் கிளைடுஸ்லோப் என்றால் ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 318 அடி. ஓடுபாதை முனையை அது சுமார் 50 அடி உயரத்தில் கடக்கும். உங்கள் டிஏ தரையிலிருந்து 200 அடி, அதில் 50 போனால் 150, அதை 318-ஆல் வகுத்தால் அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஓடுபாதை முனைக்கு அரை மைல் முன்னால். டிஎம்இ (தரை நிலையத்துக்கு உள்ள தூரத்தைக் காட்டும் கருவி) இருந்தால் அந்தத் தூரம், ஜிபிஎஸ் இருந்தால் ஓடுபாதை முனைக்கு மிச்சமுள்ள தூரம். இரண்டும் இல்லையா, அதே தாளில் லோக்கலைசர் மட்டும் வைத்து இறங்குகிறவர்களுக்கான எம்ஏபி குறித்திருக்கும், பெரும்பாலும் ஓடுபாதை முனையில், அதைப் பிடித்துக்கொள்ளலாம். அரை மைல் பிந்தித் திரும்புவதில் இந்த மாதிரி இடத்தில் நஷ்டம் ஒன்றுமில்லை. இதற்காகத்தான் ஐஎல்எஸ் என்றாலும் எஃப்ஏஎஃபில் (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளி) கடிகாரத்தை அழுத்து என்று நச்சரிக்கிறார்கள். எஃப்ஏஎஃபிலிருந்து எம்ஏபி 5 மைல் என்றால் 90 நாட்டுக்கு 3 நிமிடம் 20 வினாடி, 120 நாட்டுக்கு 2 நிமிடம் 30 வினாடி. ஆனால் இந்த நேர அட்டவணை ஒரே தரை வேகத்தில் போகிறவனுக்கு. மூக்கைத் தூக்கியதும் வேகம் மாறிவிடும், கடிகாரம் அப்போது ஒரு குத்துமதிப்புதான். தூரம் காட்டும் கருவி இருக்கும்போது தூரத்தை நம்புங்கள்.

இன்னொன்று. உலகம் முழுக்க ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். ஐசிஏஓவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) 8168 எண் ஆவணமும் எம்ஏபிக்கு, துல்லிய அப்ரோச் (ஐஎல்எஸ் மாதிரி) என்றால் மிடில் மார்க்கருக்கோ (ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ரேடியோ அடையாளம்) குறித்த டிஎம்இ தூரத்துக்கோ, போன பிறகே மிஸ்டு அப்ரோச்சைத் தொடர் என்றுதான் சொல்கிறது. கூடவே ஒரு விஷயம் சேர்க்கிறது. உயரம் வந்ததும் திரும்பு வகை மிஸ்டு அப்ரோச்சில், தேவை இருந்தால் முன்கூட்டியே திரும்புகிறவர்களுக்கும் சேர்த்துப் பாதுகாப்புப் பரப்பைப் போடுவார்கள். அப்படிப் போட முடியாத இடத்தில் ‘எம்ஏபிக்கு முன் திரும்பாதே’ என்று சார்ட்டின் பக்கவாட்டுப் படத்தில் குறிப்பு போட வேண்டும். ஆக, @மேகத்துக்குள் கேட்ட ‘எழுதாததை எப்படிப் படிப்பது’ என்ற கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை, விதி எழுதியவர்களுக்கே அது தோன்றியிருக்கிறது.

அப்புறம் அந்தக் கோடு. மேலிருந்து பார்க்கிற படத்தில் மிஸ்டு அப்ரோச்சை விட்டுவிட்டு வரைந்த கோடாகப் போட்டிருப்பார்கள், ஓடுபாதையைத் தாண்டி ஓர் இடத்தில் அழகாக வலப்பக்கம் வளையும். அந்த வளைவு இருக்கும் இடத்தில்தான் திரும்ப வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. ‘1300 வந்ததும்’ என்றால் உங்கள் விமானம் எங்கே 1300-ஐத் தொடுகிறதோ அங்கே. 90 நாட்டில் நிமிடத்துக்கு 500 அடி ஏறும் பயிற்சி விமானம் 460 அடி ஏற ஒரு மைலும் கொஞ்சமும் எடுக்கும், அதாவது ஓடுபாதை முனையிலிருந்து ஒரு மைல் போல உள்ளே போயிருக்கும். 150 நாட்டில் 2500 அடி வீதம் ஏறும் ஜெட் அரை மைலுக்குள் ஏறிவிடும், ஓடுபாதையின் முனைக்கு வந்ததுமே திரும்பத் தயார். ஒரே கோட்டில் இரண்டு பேரையும் வரைய முடியாது. சார்ட் வரைகிறவர் நடுவாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார்.

பழைய_ஊசி:

@அரைமைல் நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஒரு பயம். குறிப்பு இல்லாத சார்ட்டைப் பார்த்ததும் ‘ஓ, இங்கே முன்னாலேயே திரும்பலாம் போல’ என்று யாராவது பழக்கிக்கொண்டால் அது ஒருநாள் மலையில் கொண்டுபோய் விடும். வடிவமைத்தவர் அந்தப் பரப்பைச் சேர்த்தாரா இல்லையா என்று காக்பிட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. எம்ஏபி வரை நேராகப் போனால் எந்த நாட்டு விதியிலும் தப்பில்லை.

அரைமைல்:

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது ஏன் சார்ட்டுக்குச் சார்ட் மாறுகிறது என்பதற்குத்தான்.

சஸ்ப்_விளக்கு:

எல்லோரும் ஊசியும் கடிகாரமும் வைத்துப் பேசுகிறீர்கள். இன்றைக்குப் பாதிப் பேர் இதே விஷயத்தில் ஜிபிஎஸ் பெட்டியால்தான் குழம்புகிறார்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கார்மின் 430 என்ற ஜிபிஎஸ் பெட்டி வைத்த விமானத்தில் ஆர்என்ஏவி, அதாவது ஜிபிஎஸ் வழி அப்ரோச். எம்ஏபியில் ஒன்றும் தெரியவில்லை, கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலேறுவது), ஏறிக்கொண்டிருக்கிறேன், ஊசி நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஆகா, நன்றாகப் பறக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை. ஒரு நிமிடம் கழித்துத்தான் தூர எண்ணைப் பார்த்தேன், குறைய வேண்டியது கூடிக்கொண்டே போகிறது. பெட்டி எம்ஏபியிலேயே நின்றுவிட்டது. இறங்கும் பாதையையே முன்னால் நீட்டி வைத்து, அதில் நான் நேராகப் போவதைப் பாராட்டிக்கொண்டிருந்தது. ஓபிஎஸ் பொத்தானுக்கு மேலே சஸ்ப் (சஸ்பெண்ட், அடுத்த புள்ளிக்குத் தானாக மாறாது) என்று எழுத்து, நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் மிஸ்டு அப்ரோச் பகுதிக்குப் போகும். வாசகத்தில் ‘டைரக்ட்’ என்று இருப்பதால் பெட்டி தானாகக் கூட்டிக்கொண்டு போகும் என்று நம்பியது என் தப்பு. இந்தப் பெயரை அன்றைக்குத்தான் வைத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. வாசகத்தில் ‘கிளைம்ப் டு 1300’ என்று எழுதியிருப்பது பெட்டிக்குள் ஒரு தனிக் கட்டமாக இருக்கும், இந்தத் திசையில் இந்த உயரம் வரை என்று. அந்தக் கட்டத்துக்கு முடிவுப்புள்ளி என்று வரைபடத்தில் ஓர் இடமே கிடையாது, உயரம் வந்தால் முடிந்தது. பெட்டிக்கு உயரத் தகவல் போகாத விமானத்தில் அது தானாக முடியாது, நாம்தான் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட வேண்டும். 1300-ஐத் தாண்டி 2000, 2500 என்று ஏறியும் ‘இன்னும் ஏன் திரும்பச் சொல்லவில்லை’ என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

@மேகத்துக்குள் செய்த தப்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. எம்ஏபிக்கு முன்னாலேயே மிஸ்டு அப்ரோச்சை இயக்கிவிட்டாலும் ஜிபிஎஸ் எம்ஏபியை நோக்கித்தான் கூட்டிக்கொண்டு போகும், ஊசியின் நுணுக்கம் மட்டும் ஒரு மைல் அளவுக்குத் தளர்ந்துவிடும். அதற்கு முன் திரும்பாதே என்று ஏஐஎம்மிலேயே இதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். பழைய_ஊசி சொன்ன இரண்டு வாசலில் முதல் வாசலைப் பெட்டியும் மதிக்கிறது.

காற்றுத்திருத்தம்:

திருப்பத்தைப் பற்றிப் பேசும்போது ஹெடிங், டிராக் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில சார்ட்டில் ‘கிளைம்பிங் லெஃப்ட் டர்ன் டு 4000 ஹெடிங் 270 டு இன்டர்செப்ட்’ என்று ஒரு ரேடியலை (விஓஆரிலிருந்து கிளம்பும் திசைக்கோடு) சொல்வார்கள். ஹெடிங் என்றால் திசைகாட்டியில் 270, காற்று எங்கே தள்ளினாலும் சரி, அந்த ரேடியல் வந்து பிடித்துக்கொள்ளும். டிராக் என்று போட்டிருந்தால் தரைமேல் அந்தக் கோட்டிலேயே போக வேண்டும், காற்றுக்கு ஈடு கொடுப்பது நம் வேலை. 100 நாட் விமானத்துக்கு 20 நாட் குறுக்குக் காற்று கிட்டத்தட்ட 11 பாகை நகர்த்தும், ஐந்து மைல் போனால் ஒரு மைல் பக்கவாட்டில். மலைக்கு நடுவில் ஒரு மைல் என்பது நிறைய.

திரும்பும் பக்கமும் அப்படித்தான். ‘ரைட் டர்ன் டைரக்ட்’ என்றால் வலப்பக்கம்தான், விஓஆர் இடப்பக்கமாகப் போனால் கிட்டே என்று தோன்றினாலும். சுற்றி வருகிற மாதிரி இருக்கும், காரணம் பெரும்பாலும் இடப்பக்கத்தில் நிற்கும்.

ஒற்றை_எஸ்:

நண்பர்கள் எல்லோரும் ‘விதியைப் படி, சரியாகப் பற’ என்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். வாசகம் எழுதுகிற விதத்திலும் குற்றம் உண்டு. களைத்துப்போன ஆள், மேகத்துக்குள், குலுக்கலில், ஒரு கையில் பவரும் மறு கையில் யோக்குமாகப் படிக்கிற வரி அது. அதில் ‘பிறகு’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு விதி முழுவதையும் ஒளித்து வைத்துவிட்டு, கையேட்டில் இருக்கிறதே என்றால் என்ன செய்வது?

1980 ஏப்ரல் 25, ஸ்பெயினின் டெனரீஃபே தீவு. டான்-ஏர் 1008, போயிங் 727. மிஸ்டு அப்ரோச் இல்லை, ஹோல்டிங், ஆனால் நோய் ஒன்றுதான். இறங்குவதற்கு முன் காத்திரு என்று கன்ட்ரோலர் ஒரு ஹோல்டிங்கைச் சொல்கிறார். அது அவர்கள் கையில் இருந்த எந்தச் சார்ட்டிலும் அச்சாகவில்லை. ஆங்கிலத்தில் ‘டர்ன் டு தி லெஃப்ட்’ என்றார். அவர் நினைத்தது ‘டர்ன்ஸ்’, அதாவது இடப்பக்கத் திருப்பங்களாக வைத்து வட்டமிடு என்பது. விமானிகள் காதில் விழுந்தது ஒரே ஒரு இடப்பக்கத் திருப்பம். திரும்பி, மலை இருக்கும் பக்கம் போனார்கள். 146 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. ஒற்றை ‘எஸ்’ இருந்திருந்தால் என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

1974 டிசம்பர் 1-ம் தேதி வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குப் போன டிடபிள்யூஏ 514-ம் இந்த வகைதான். அப்ரோச்சுக்கு அனுமதி என்றால் எவ்வளவு இறங்கலாம் என்பதில் கன்ட்ரோலர் ஒன்றை நினைத்தார், விமானிகள் இன்னொன்றை நினைத்தார்கள், சார்ட் இரண்டு பேருக்கும் உதவவில்லை. 92 பேர். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லாட்சியை உட்கார்ந்து இறுக்கினார்கள். ஆக, குழப்பமாக இருக்கிறது என்று ஒரு பயிற்சி விமானி சொன்னால், படிக்கத் தெரியவில்லை என்று அவனை மட்டும் அடிக்காதீர்கள். சார்ட் வெளியிடுகிறவர்களுக்கு எழுதிப் போடுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை சுழற்சியில் திருத்தம் வருகிறது, எழுதினால் மாறுகிற விஷயம்தான்.

பழைய_ஊசி:

@ஒற்றை_எஸ் முழுக்க மறுக்கமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்துக்குள் எழுதினால் ஆறு வரி வரும், ஆறு வரியை யாரும் படிக்கமாட்டார்கள். நான் செய்வது, இறங்கத் தொடங்கும் முன்பே வாயால் சொல்லிப் பார்ப்பது. வாசகத்தை அப்படியே ஒப்பிக்க மாட்டேன், ‘எது வரை’ என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டுக்கொள்வேன். நேராக, எது வரை? எம்ஏபியும் 1300-ம் இரண்டும் தாண்டும் வரை. வலப்பக்கம், எது வரை? விஓஆர் நேர் எதிரே வரும் வரை. ஏற்றம், எது வரை? 3500. ஹோல்டிங்கில் எந்தப் பக்கம் நுழைவது என்பதெல்லாம் அப்போது மனதில் வைக்கமாட்டேன், அதற்கு ஏறி முடித்த பிறகு நேரம் இருக்கிறது. கன்ட்ரோலரிடம் பேச்சும் அப்படியே. முதலில் விமானம் ஏறட்டும், அப்புறம் வழி, பேச்சு கடைசியில். ரேடியோவில் ‘கோயிங் அரவுண்ட்’ என்று சொல்லிவிட்டு ஃபிளாப்பை மறந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அரைமைல்:

ஒரு சின்னச் சேர்க்கை. சார்ட்டின் குறிப்புகளில் ‘இந்த உயரம் வரை மைலுக்கு 300 அடி ஏற்றம் தேவை’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், அதையும் சொல்லிப் பார்க்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் போடவில்லை என்றால் எஃப்ஏஏ சார்ட்டில் மைலுக்கு 200 அடி, ஐசிஏஓ வழியில் 2.5 விழுக்காடு, அதாவது மைலுக்கு ஏறக்குறைய 152 அடி. தரை வேகத்தை 60-ஆல் வகுத்துப் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும், 90 நாட்டில் மைலுக்கு 300 என்றால் நிமிடத்துக்கு 450 அடி. வெயில் நாளில் நிறைந்த எடையோடு உங்கள் விமானத்துக்கு அது வருமா என்று இறங்கத் தொடங்கும் முன் யோசிக்க வேண்டும், டிஏவில் யோசித்தால் பிந்திவிட்டது.

மேகத்துக்குள்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மறுபடி சிமுலேட்டர். அதே ஐஎல்எஸ், அதே நான்கு மைல், அதே கொடி. இந்தத் தடவை பவர், மூக்கு, நேராக. டிஎம்இயைப் பார்த்துக்கொண்டே ஏறினேன், 0.5 வரும்போது 3380 அடி, அங்கே வலப்பக்கம். இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

உடனே அடுத்த குண்டைப் போட்டார். இதே அப்ரோச்சை 4000-ல் இருந்து தொடங்கவைத்து, லோக்கலைசரைப் பிடித்ததும் 3900 அடியிலேயே கோ-அரவுண்ட் என்றார். மிஸ்டு அப்ரோச் உயரம் 3500. நான் 400 அடி அதற்கு மேலே. பவரைக் கொடுக்கக் கை போய்விட்டது, பாதியில் நிறுத்திவிட்டேன், ஏறுவதா இறங்குவதா என்றே தெரியவில்லை. இதற்கு வாசகத்தில் என்ன இருக்கிறது?

பழைய_ஊசி:

கை பாதியில் நின்றதே, அதுவே சரி. அங்கே முழுப் பவரும் வேண்டாம், மூக்கைத் தூக்கவும் வேண்டாம். இறக்கத்தை நிறுத்தி, 3900-ல் அப்படியே மட்டமாகப் பிடித்து, லோக்கலைசரிலேயே எம்ஏபி நோக்கிப் போங்கள். போய்க்கொண்டே கன்ட்ரோலரிடம் ‘அப்ரோச்சைக் கைவிடுகிறேன், 3900-ல் இருக்கிறேன், எந்த உயரம்’ என்று கேளுங்கள். அவர் 3500-க்கு இறங்கு என்பார், அல்லது 4000-ல் இரு என்பார், மேலே யாரை வைத்திருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். ஆட்டோபைலட் இருந்தால் டோகா (கோ-அரவுண்ட்) பொத்தானைத் தொடும் முன் உயர ஜன்னலில் (ஆட்டோபைலட் பிடிக்க வேண்டிய உயரத்தை வைக்கும் இடம்) என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். 3500 வைத்திருந்து 3900-ல் அதை அழுத்தினால், கீழே விட்டுவிட்ட எண்ணை விமானம் மேலே தேடிக்கொண்டே போகும்.

மேகத்துக்குள்:

பவரில் நின்ற கை அப்புறம் டோகாவை அழுத்திவிட்டது சார், ஜன்னலில் 3500. இன்ஸ்ட்ரக்டர் 4600-ல்தான் சிமுலேட்டரை நிறுத்தினார்.